இராவணன் மீசைக்குச் சவரம்

இராவணனின் மீசை இலங்கைப் போரோடு அழிந்துவிட்டது என்று கற்றவர்களும் நம்புகிறார்கள். வருந்தத்தக்க பிழை, திருத்தாமல் கதையைத் தொடங்க மனம் ஒப்பவில்லை. அந்த மீசை கடற்கரை மணலில் இன்றும் பச்சையாகவே இருக்கிறது. ஊசி நுனியுள்ள ஒரு புல்லுக்கு அதுதான் பெயர். ஆடு அதைத் தின்னாது, காற்று அதைப் பிடுங்காது. மணலை வேரால் கவ்விக்கொண்டு நகரவிடாது.

வெகு காலத்துக்கு முன், தென்கடல் ஓரத்து நாடு ஒன்றை மகரவழுதி என்ற அரசன் ஆண்டான். நாட்டில் எது வளர்ந்தாலும் வளராவிட்டாலும் அவன் மீசை வளர்ந்தது. அதற்கு எண்ணெய் தடவ ஒருவர், இடப்பக்கம் முறுக்க ஒருவர், வலப்பக்கம் முறுக்க வேறொருவர்.

அவன் பாட்டன் காலத்தில் சுண்ணாம்புக் காளவாய் விறகுக்காகக் கடலோரப் புதர்களையெல்லாம் வெட்டினார்கள். அன்று கிளம்பிய மணல் நிற்கவே இல்லை. ஆடிக் காற்றில் ஏறி ஏறிக் கீழூர்க் கிணற்றையே மூடிவிட்டது. அடுத்தது சுழிக்காட்டூர். அந்த ஊர்த்தலைவி சண்முகக்கனி, அமைச்சர் தெய்வச்சிலையாரிடம் அனுமதி வாங்கி, ஊராரைக் கூட்டி, மழை ஈரத்தில் மணல்மேடு முழுக்க இராவணன் மீசையை நட்டாள். மணல் நின்றது. கேழ்வரகு தலையெடுத்தது.

அமைச்சரைக் கண்டாலே வயிறெரியும் முடிவழகர் என்ற பிரபு அரசன் காதில் ஓதினார். "அரசே, 'இராவணன் மீசை இருக்கும்வரை எங்களுக்கென்ன பயம்' என்கிறார்கள் சுழிக்காட்டூரார்!"

"என் நாட்டில் இருந்துகொண்டு எவன் மீசையைப் புகழ்கிறார்கள்?"

சண்முகக்கனியை வரவழைத்தார்கள்.

"ஏனம்மா, என் மீசைக்கு என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்ல ராசா. ஆனா அது மணல நிறுத்துமா?"

சபையில் திடீரென்று எல்லோருக்கும் இருமல் வந்தது.

"அரசே, அது வெறும் புல்" என்றார் அமைச்சர்.

"புல்லானாலும் மீசை மீசைதான்! சிரைத்துத் தள்ளுங்கள்!"

"அத எடுத்தா ஊரே போயிரும் ராசா. எங்க பிள்ளைங்க சோறு அதுக்குப் பின்னாலதான் வெளையுது."

அமைச்சர் கைகூப்பினார். "உத்தரவுப்படியே, அரசே. ஆனால் எதிரியின் மீசையை அரசர் கண்ணெதிரே எடுப்பதுதான் மரியாதை. இன்னொன்று. காவல் நிற்பவனை நீக்கக் காரணமானவர், மாற்றாள் வரும்வரை அந்த இடத்தில் தாமே நிற்க வேண்டும். அரண்மனைக் காவலுக்கு முடிவழகர் வகுத்த விதி."

"நிற்கிறேனே! ஒரு புல்லின் வேலை எனக்குத் தெரியாதா?" என்றார் முடிவழகர்.

ஆடி பிறந்தது. மேட்டுக்குப் பின்னால் பந்தலில் அமர்ந்து, "சுகமான ஊர்!" என்று அரசன் பானகம் குடித்தான்.

"முதலில் ஒரு வாசல் அகலத்துக்கு எடுப்போம்" என்றார் அமைச்சர்.

நாவிதர் கத்தியோடு போனார், கையைக் குத்தியதும் மண்வெட்டி கேட்டார். "எத்தனையோ முரட்டுத் தாடையப் பாத்தாச்சு. இது மாதிரி ஒண்ண பாத்ததில்ல!"

புல் போனது. காற்று வந்தது. முடிவழகர் இடைவெளியில் கைகளை விரித்து நின்றார். மணல் அவருடைய அக்குளுக்குக் கீழேயும் கால்களுக்கு நடுவேயும் தாராளமாக வழி கண்டுபிடித்தது. "நில்! அரசர் ஆணை!" என்று கத்த வாயைத் திறந்தார். திறந்திருக்கக் கூடாது.

பந்தலில் பானகம் களியாயிற்று. எண்ணெய் பூசிய மீசை பறந்த மணலையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டது. அதன் கனத்தில் அரசனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"அமைச்சரே! என் மீசையும் மணலைப் பிடிக்கிறதே!"

"பிடிக்கிறது, அரசே. ஊரைக் காக்க இன்னும் கால் காத நீளம்தான் குறைகிறது."

"வளருத வரைக்கும் நீங்க இங்ஙனயே படுத்துக் கெடக்கணும் ராசா" என்றாள் சண்முகக்கனி.

அரசன் முறைத்தான். பிறகு மணலைத் துப்பிக்கொண்டே வயிறு குலுங்கச் சிரித்தான். கடலோரம் முழுவதும் இராவணன் மீசையை நட வேண்டும், ஒரு புதரையும் வெட்டக்கூடாது, நடும் படைவீரர்கள் சண்முகக்கனியின் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று அங்கேயே ஆணையிட்டான்.

"அரசே, நான்?" என்றது மணலுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"மாற்றாள் வேர்பிடிக்கும் வரை நில்லும். விதி உம்முடையதுதானே!"

மழை வந்து புதுப்புல் வேர்பிடிக்கும்வரை முடிவழகர் பனையோலைத் தட்டியைப் பிடித்தபடி அங்கே நின்றார். அதன் பிறகு அவர் யார் வீட்டுக்குப் போனாலும், திறந்திருக்கும் கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்காருவார்.