டெமி கேட்ட தலைவர்

எங்கள் ஊர் நூல் பரிசுக்குழுத் தலைவர் பரிபூரணலிங்கம் புத்தகத்தைப் படிக்கமாட்டார். ஸ்கேல் வைத்து அளப்பார். பைண்டிங் வேலை பார்க்கும் அன்னக்கொடி, தான் எழுதிய கதைப்புத்தகத்தை அவரிடம் நீட்டினாள்.

"கிரவுன் சைசா? சின்னதா இருக்கேம்மா! பெரிசா, டெமி சைஸ்ல நாளைக்கே கொண்டா. இல்லேன்னா பரிசு கிடையாது."

ஒரே நாளில் மறுபடி அச்சடிக்க முடியுமா? ஆனாலும் மறுநாள் அன்னக்கொடி டெமியில் தடிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தாள். அட்டையை அளந்தார், முகம் மலர்ந்தார்.

பரிசு மேடையில் தலைவர் முழங்கினார்: "வரிக்கு வரி முத்து! மூணு தடவை படிச்சேன்!"

"ஒரு முத்தை வாசிச்சுக் காட்டுங்கய்யா," என்றாள் அன்னக்கொடி.

திறந்தார். புரட்டினார். கடைசிவரை வெள்ளைத்தாள்.

"என்னம்மா இது? எழுத்தே இல்லையே!"

"ஐயா டெமிதானே கேட்டீங்க, எழுத்து கேக்கலையே! ஆமா, மூணு தடவை படிச்சப்போ இது தெரியலையா?"