ஆபீஸ் மெயிலை அழித்தது யார்?

அந்தக் கண்தான டிரஸ்டில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மெயில் பெட்டிதான். காசில்லை. அதில் வந்த மெயில்கள் காணாமல் போயின.

தலைவர் ஆவுடையப்பனுக்கு எல்லார் மேலும் சந்தேகம். "நாளைக்குள்ள ஆளைப் பிடி. இல்லேன்னா நீதான் திருடி" என்றார் உதவியாளர் செண்பகவல்லியிடம்.

அவள் வீட்டிலிருந்து ஆபீசுக்கு ஒரு மெயில் போட்டாள்: 'தலைவர் நாற்காலிக்கு மேலே ஃபேன் ஆடுது.'

மறுநாள் அந்த மெயிலும் இல்லை. தலைவர் வந்ததும் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டார்.

"ஏங்கய்யா?"

"ஃபேன் ஆடுதாமே."

"அது காணாமப் போன மெயில்ல மட்டும்தான் இருந்துச்சுங்கய்யா."

"மெயில்ல இடம் நிறைஞ்சா கம்பெனிக்காரன் காசு கேப்பானேன்னு என் போன்லதான் அழிச்சேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எப்படிப் போகும்?"

"வீடு ஒண்ணுதாங்கய்யா, வாசல்தான் ரெண்டு."

தலைவர் அண்ணாந்து பார்த்தார். "அப்ப ஃபேன் ஆடலையா?"

"இல்லீங்கய்யா."

நாற்காலி மட்டும் சுவரோரத்தை விட்டு நகரவேயில்லை.