சிவப்புக் கோட்டைத் தாண்டாதவன்

இந்தக் கதையை நான் பல வருஷங்களாக நம்பவில்லை. சொன்னது ஒரு வானொலி நிலையத்தில் ஒலியை அளக்கும் கருவியில் ஆடிக்கொண்டிருந்த முள். அதுவும் பெருமையாகச் சொன்னது. பெருமையாகச் சொல்லப்படும் எதையும் நம்பத் தயங்குவது என் கோளாறாகவும் இருக்கலாம்.

ஒரு காலத்தில் அந்த நிலையத்தில் முள்தான் நீதிபதி. எந்தக் குரலும் அதன் முன்னால் பேசிக் காட்டிவிட்டுத்தான் காற்றில் ஏற வேண்டும். சட்டம் ஒன்றே ஒன்று: கருவியின் தட்டில் வரைந்திருந்த சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது.

ஒரு மழைநாள் மாலை சோப்புத்தூள் விளம்பரம் வந்தது. ஒவ்வொரு எழுத்தையும் கோட்டுக்கு மயிரிழை கீழே நிறுத்தி, மூச்சு விடாமல் கத்தியது.

"தாண்டினேனா ஐயா?"

"இல்லை. உன்னைப் போல நாலு பேர் இருந்தால் நாடு உருப்படும். போ."

அடுத்து வந்தது ஏரி மதகு திறப்பு அறிவிப்பு. சாதுவான குரல்.

"கால்வாய்க்குள் ஆடு கட்டியிருக்கிறார்கள் ஐயா. ஆறு மணிக்குத் தண்ணீர் வருகிறது. உடனே போய்ச் சொல்ல வேண்டும்."

"முதலில் பேசிக் காட்டு."

"கவனியுங்கள்!" என்ற முதல் சொல் மட்டும் பதற்றத்தில் கோட்டைத் தாண்டிவிட்டது. மற்றதெல்லாம் அடக்கமாகத்தான் இருந்தது.

"ஒழுங்கீனம்! முழுவதையும் பாதியாகக் குறையுங்கள்" என்றது முள். நிலைய ஊழியர்கள் குறைத்தார்கள்.

கால்வாய்க் கரைக் குடிசையில் தையல்நாயகி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏய்யா, இந்தச் சோப்புக்காரன் வீட்டுக்குள்ளயே வந்து நின்னு கத்துறான். கொஞ்சம் குறைய்யா."

அவள் புருஷன் மாசிலாமணி ரேடியோக் குமிழைத் திருகினான். அடுத்து வந்த அறிவிப்பு கொசுவாய் முனகியது.

"யாருய்யா அது?"

"எவனோ. சாப்பிடாம வந்திருப்பான் போல."

"ஆறு மணின்னு என்னமோ சொன்னானே. கொஞ்சம் கூட்டி வையேன்."

கூட்டி வைத்தான். அதற்குள் அறிவிப்பு முடிந்திருந்தது. சோப்புத்தூள் மறுபடி பாய்ந்து வந்து அறைந்தது.

"சனியனே!" என்று ரேடியோவையே அணைத்தான்.

தண்ணீர் ஆறு மணிக்குத் தவறாமல் வந்தது. அவர்களுக்கென்று இருந்தவை கால்வாய்க்குள் கட்டியிருந்த பதினோரு ஆடுகள். பதினொன்றும் போயின.

விசாரணை நடந்தது. முள் சாட்சி சொன்னது: விளம்பரம் ஒருமுறைகூடத் தாண்டவில்லை, அறிவிப்பு ஒருமுறை தாண்டியது. அறிவிப்பை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். முள்ளுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அதை மேடையில் வாசித்தது சோப்புத்தூள் விளம்பரம்.

போன வாரம் முள்ளிடம் கேட்டேவிட்டேன்: "இத்தனை வருஷம் அத்தனை குரல்களுக்கும் தீர்ப்புச் சொன்னீர்களே, அதில் ஒன்றையாவது நீங்கள் காதால் கேட்டதுண்டா?"