நானூற்றுப் பன்னிரண்டு பாஸ்வேர்டுகள்

“வெளியிலிருந்து ஒருத்தரும் நம்ம சர்வருக்குள்ள வர முடியாது மேடம். அப்புறம் எதுக்கு இந்தப் பயம்?” என்று கேட்டார் சந்தியாகு.

ஐம்பத்திரண்டு வயதில் தட்டச்சுப் பிரிவிலிருந்து கல்லூரியின் கணினி மையத்துக்கு மாற்றப்பட்டவர். அவருக்கு வேலை சொல்லிக்கொடுப்பவர் பூரணி. வயது இருபத்தொன்பது.

காலையில் சர்வர் மென்பொருள் நிறுவனத்திடமிருந்து ஓர் எச்சரிக்கை வந்திருந்தது.

மாணவர்கள் தங்கள் பெயரையும் போன் நம்பரையும் திருத்திக்கொள்ள சர்வரில் ஒரு சின்ன நிரல் உண்டு. அந்த ஒரு வேலைக்காக அது அட்மினின் அதிகாரத்தைக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும். முடிந்ததும் திருப்பிவிடும். ஒரு குறிப்பிட்ட விதத்தில் கோணலாகப் பெயரைக் கொடுத்தால் மட்டும் திருப்பாது. கொடுத்தவர் கையிலேயே அதிகாரத்தை விட்டுவிடும்.

சரிசெய்த நிரல் வர இரண்டு நாள் ஆகும்.

அதே சர்வரில்தான் நாளை வெளியிடவேண்டிய மதிப்பெண் பட்டியலும் இருந்தது. அதில் ஓர் எண் மாறினாலும் முதல் கேள்வி சந்தியாகுவுக்குத்தான்.

“உள்ளே கணக்கு இருக்கிறவங்களாலதான் முடியும்னு இதுலயே போட்டிருக்கு மேடம்.”

“எத்தனை பேருக்கு இருக்கு?”

“நானூத்திப் பன்னிரண்டு. எல்லாம் நம்ம பிள்ளைங்க.”

பூரணி எழுந்தார். அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

அறிவிப்புப் பலகையில் தேர்வு அறை ஒதுக்கீடு ஒட்டியிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். பக்கத்தில் பதிவு எண்கள். கூரியர்க்காரர் ஒருவர் பையைத் தோளில் மாட்டியபடி, யாருடைய பெயரையோ அதில் விரலால் தேடிக்கொண்டிருந்தார்.

“பிள்ளைங்களோட பாஸ்வேர்டு என்ன சார்?”

சந்தியாகு பலகையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

பெயரைக் கொடுத்து உள்ளே நுழைய, பதிவு எண்தான் பாஸ்வேர்டு. அப்படி வைத்தவர் அவர்தான். மறந்துபோச்சு சார், மறந்துபோச்சு சார் என்று மாணவர்கள் தினமும் அவர் மேசையைச் சுற்றி நின்றார்கள். பாவமாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

“சர்வரை நிறுத்திடுறேன் மேடம்.”

“அஞ்சு மணிக்குள்ள எல்லாரும் பிராஜெக்ட் ஏத்தணும்.”

“செத்தேன்.”

“இருங்க. கோளாறு எதுல?”

“பேரு திருத்துற நிரல்ல.”

“இந்த வருஷம் அதை யார் யார் ஓட்டியிருக்காங்க? பாருங்க.”

சந்தியாகு உள்ளே வந்து தேடினார். ஒரே ஒரு பெயர் இருந்தது.

“நான்தான் மேடம். வந்த புதுசுல. சும்மா என்னன்னு பார்த்தேன்.”

பூரணி கீபோர்டை அவர் பக்கம் தள்ளினார்.

“அதுக்கு இருக்கிற அதிகாரத்தை எடுத்துடுங்க. ஒரே வரிக் கட்டளைதான்.”

“நிரலை அழிச்சிடவா?”

“அது இருந்துட்டுப் போகட்டும். அதிகாரம் மட்டும் வேண்டாம்.”

“நானா? தப்பாயிட்டா?”

“இப்ப எப்படி இருக்குன்னு முதல்ல எழுதி வைங்க. தப்பானா அப்படியே திருப்பி வெச்சுக்கலாம்.”

எழுதினார். அந்த வரியை மூன்று முறை வாய்விட்டுப் படித்தார். அடித்தார். பிறகு தன் சாதாரணக் கணக்கில் நுழைந்து நிரலை ஓட்டிப் பார்த்தார்.

அனுமதி இல்லை என்றது திரை.

“மேடம், என்னையே வெளியே போகச் சொல்லுது!”

பதவி உயர்வு வந்த நாளில்கூட அவர் இப்படிச் சிரித்ததில்லை.

சிரிப்பு பாதியில் நின்றது.

“ஏற்கெனவே யாராவது புகுந்து, அந்தத் தடயத்தையும் அழிச்சிருந்தா?”

பூரணி இரும்பு அலமாரியைக் காட்டினார். கையெழுத்துப் போட்ட மதிப்பெண் தாள்கள் அதில் இருந்தன.

மூன்றரை மணிவரை சந்தியாகு அவற்றைத் திரையிலிருந்த பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஓர் எண்கூட மாறவில்லை.

ஐந்து மணிக்குக் கடைசி பிராஜெக்டும் வந்து சேர்ந்தது.

“இனி பயமில்லையே மேடம்?”

பூரணி கதவு வழியே வராந்தாவைப் பார்த்தார். சந்தியாகுவும் பார்த்தார். கூரியர்க்காரர் போய்விட்டிருந்தார். பலகை அங்கேயே இருந்தது.

சந்தியாகு உட்கார்ந்தார். இந்த முறை யாரும் சொல்லாமலே எழுதி வைத்துக்கொண்டு, இன்னொரு வரியை அடித்தார். மாணவர்களின் பழைய பாஸ்வேர்டு ஒன்றுகூட இனி செல்லாது. புதிது வேண்டுமென்றால் அடையாள அட்டையோடு நேரில் வரவேண்டும்.

“நானூத்திப் பன்னிரண்டு பேரும் நாளைக்கு உங்க மேசையைச் சுத்தி நிப்பாங்க சார்.”

எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. பூரணி திரும்பிப் பார்த்தார்.

சந்தியாகு பக்கத்து அறையிலிருந்து ஒரு நீள பெஞ்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க மேடம்.”