பேர் வெட்டாத தூக்கு

மைமூனை அந்தக் கொட்டகையில் எல்லாரும் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில் சொல்லிக்கொடுக்கும் ஆசானுக்கு அங்கே அதுதான் பேர். அவளுக்கு நாற்பது வயது. சீடர் சூசைநாதனுக்கு வயது அறுபதை எட்டப்போகிறது. குருவைவிடச் சீடனுக்கு நரை அதிகம். அதனாலென்ன, தொழிலில் யார் முன்னே போனாரோ அவர்தானே மூத்தவர்.

பாலாற்றங்கரையில் ஆட்டுக்குடலைச் சுத்தம் செய்து உப்பில் போடுகிற கொட்டகை அது. கடல் தாண்டிய ஊர்களில் கொத்திய இறைச்சியை அந்தக் குடலுக்குள் அடைத்து சாசேஜ் பண்ணித் தின்கிறார்கள். குடலை வழித்து, உள்ளே தண்ணீர் விட்டு ஓட்டை பார்த்து, கட்டுக்கட்டாகக் கட்டி, உப்பில் புரட்டிப் பீப்பாயில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நூல் உண்டு. ஆடு அறுத்த இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். எங்கோ ஒருத்தருக்கு வயிற்றைக் கலக்கினால், அந்த நூலைப் பிடித்துக்கொண்டே அறுத்த இடத்துக்கும் அங்கிருந்து மந்தைக்கும் போய்விடலாம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கட்டுக்கு வெள்ளை நூல். அது பஞ்சு கொட்டுகிறவர்களின் வில்லுக்கு நாணாகப் போகும். யார் வாய்க்கும் போகாது.

சூசைநாதன் கசாப்புக்கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். குடலைத் தொட்டாலே ஆட்டின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன் என்பார். பொய்யும் இல்லை, நல்ல கைதான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் தனியாளாக ஒரு பீப்பாயை நிரப்பி லாரியில் ஏற்றிவிட்டால், அன்றிலிருந்து அவருக்குச் சொந்தமாக ஒரு நிறம். தன் நூலையும் சேர்த்துக் கட்டலாம். சூசைநாதன் இப்போதே மஞ்சள் நூல்கண்டு ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. மறுநாள் காலை லாரி துறைமுகத்துக்குப் போகிறது. அவர் பீப்பாயில் இன்னும் ஒரே ஒரு கட்டுக்குத்தான் இடம். அது நிறையாமல் மூடி போட மாட்டார்கள்.

அந்தக் கடைசிக் கட்டில்தான் சனியன் வந்து உட்கார்ந்தது. அலசும்போது நூல் அவிழ்ந்து தண்ணீரோடு போய்விட்டது. அன்று அவர் மேசைக்குப் பச்சையும் வந்திருந்தது, நீலமும் வந்திருந்தது. இது எது என்று அவருக்கே தெரியவில்லை. கட்டைத் தூக்கிக்கொண்டு மைமூனிடம் போனார்.

“ஒரு ஓட்டை இல்ல, ஒரு நாத்தம் இல்ல. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு உஸ்தாத்? பச்சையக் கட்டினா என்ன, நீலத்தக் கட்டினா என்ன?”

மைமூன் குடலை வாங்கிப் பார்த்தாள். நல்ல குடல்தான் என்றாள். சாப்பாட்டு நேரமாச்சு, கை கழுவிட்டு வாங்கண்ணே என்றாள்.

சாப்பாட்டு மேசையில் ஒரு புதுத் தூக்குவாளி இருந்தது. அந்த ஊரில் பேர் வெட்டாத பாத்திரம் ஒரு வீட்டிலும் கிடையாது. கரண்டியில்கூட கல்யாணத்துக்குக் கொடுத்தவர் பேர் இருக்கும். இந்தத் தூக்கில் எதுவும் இல்லை. மைமூன் மூடியைத் திறந்தாள். உள்ளே புளிச்சோறு. நல்லெண்ணெய் வாசனை கொட்டகையைத் தூக்கியது.

“கெட்டுப்போகல, நாத்தம் இல்ல. சாப்பிடுங்கண்ணே.”

பேர் இல்லாத சோற்றை வைத்துத் தன்னை மடக்கப் பார்க்கிறாள் என்று சூசைநாதனுக்குப் புரிந்துவிட்டது. விடுவாரா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். உட்கார்ந்து பாதிச் சோற்றை ரசித்துச் சாப்பிட்டு, விரலை நக்கி, பார்த்தீர்களா உஸ்தாத், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள். மூடியைப் போட்டு, மீதியைப் பேத்திக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். அந்தக் குடல்கட்டைக் காலைவரைக்கும் தனியாக உப்பில் போட்டு வைக்கச் சொன்னாள்.

“காலையில நீங்களே ஒரு நூலக் கட்டிடுங்க. என்ன நூல்னு நான் கேக்க மாட்டேன்.”

பேத்தி பிரின்சி ஒன்றாம் வகுப்பு. புதிதாக எழுத்துக் கூட்டப் பழகியிருந்தாள். பஸ் பலகையிலிருந்து பாத்திரம் வரைக்கும் ஒன்றையும் விடாமல் வாசிப்பாள். ராத்திரி வீட்டில் தூக்கைச் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு, “தாத்தா, இதுல பேரே இல்ல. யாரு செஞ்சது?” என்றாள்.

நல்ல சோறும்மா என்று சொல்லி ஒரு வாய் எடுத்து நீட்டினார்.

“யாரு செஞ்சதுன்னு கேட்டேன்.”

சூசைநாதன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். மத்தியானம் தின்ற அதே சோறுதான். அவர் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தச் சின்ன வாயைப் பார்த்ததும் அவருக்குப் பயமாக இருந்தது. சோற்றை உள்ளேயே போட்டு மூடினார். வீட்டுப் பானையிலிருந்து ரசஞ்சோறு பிசைந்து ஊட்டினார்.

காலையில் லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. சூசைநாதன் பச்சைப் பக்கமும் போகவில்லை, நீலப் பக்கமும் போகவில்லை. வெள்ளை நூலை அறுத்துக் கட்டி, கட்டைப் பஞ்சுக்காரர் தொட்டியில் போட்டார். அவர் பீப்பாயை விட்டுவிட்டு லாரி போனது. மஞ்சள் நூல்கண்டு பையிலேயே கிடந்தது. அடுத்த லாரி வராமலா போய்விடும் என்று நினைத்துக்கொண்டார். வருத்தம் வரும் என்று பார்த்தார், வரவில்லை.

தூக்கைக் கொண்டுபோய் மைமூன் முன்னால் வைத்தார்.

“பாப்பா சாப்பிடலையா?”

“யாரு செஞ்சதுன்னு கேட்டா. எனக்கே தெரியாதே உஸ்தாத்.”

மைமூன் தூக்கைத் திறந்து முகர்ந்தாள். புளிச்சோறு மறுநாள்தானே ருசி. கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

சூசைநாதன் பதறிப்போனார்.

“என்ன உஸ்தாத் இது, யாரு வீட்டுச் சோறுன்னே தெரியாம...”

“எனக்குத் தெரியுமே. நான்தான் ஆக்கினேன்.”

“அத நேத்தே சொல்லியிருக்கலாமே?”

மைமூன் வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள்.

“நேத்து நீங்க கேக்கலையேண்ணே.”