கப்பல் தெரிகிற ரூம்

தென்காசிக்குக் கிழக்கே ஊமத்தங்குளம் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களைப் பற்றி வெளியூரில் நாலு விதமாகப் பேசுவார்கள். நாலும் உண்மைதான்.

அங்கே பரமகுரு என்று ஒரு மாட்டுத் தரகர். மனைவி பெயர் ஆவுடையம்மாள். கொம்பையா, நம்பிராசன் என்று இரண்டு கூட்டாளிகள். மாட்டு விஷயத்தில் இந்த மூன்று ஆண்களையும் யாரும் ஏமாற்ற முடியாது. மற்ற விஷயங்களில் யாரும் சிரமப்பட்டு ஏமாற்ற வேண்டியதில்லை. அவர்களே ஏமாந்துகொள்வார்கள்.

மாட்டுத்தீவனக் கம்பெனி ஒன்று, தன் சரக்கைச் சந்தை சந்தையாகப் புகழ்ந்து விற்றுக்கொடுத்ததற்காக இந்த நால்வருக்கும் சென்னையிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் இடம் போட்டுக் கொடுத்தது. செய்தி வந்த அன்றே ஆவுடை கணவரைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இங்க பாருங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து கடலைக் காட்டுதேன், கடலைக் காட்டுதேன்னு சொல்லிட்டு இருக்கீங்க. ஒரு தடவை பஸ்ஸைக் கோட்டை விட்டீங்க. ஒரு தடவை ரயிலை விட்டீங்க. இந்தக் கப்பலையும் விட்டீங்கன்னா நான் நேரா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். நீங்க மாடுகளோட குடும்பம் நடத்துங்க."

ஆவுடை சொன்னால் செய்கிறவள்.

கம்பெனியில் சுகந்தி மேடம் என்று ஒருவர் இருந்தார். தங்கமான மனுஷி. போனில் பொறுமையாகச் சொன்னார்: "முந்தின நாளே வந்துடுங்க சார். துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு நல்ல லாட்ஜா பார்த்துத் தங்கிக்கோங்க. ரூமை நல்லாப் பார்த்துட்டு அப்புறம் விலை பேசுங்க. கப்பல் தெரியுற ரூமா இருந்தா இன்னும் நல்லது, காலையில பதற்றம் இருக்காது. சாமான் மேல இருந்து மட்டும் கண்ணை எடுக்காதீங்க."

பரமகுரு ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா, அப்படியே செய்துருவோம்" என்றார். அந்த அம்மாளுக்கு இவரைத் தெரியாது. அப்படியே செய்துவிடுவார் என்று தெரிந்திருந்தால் போனை வைத்திருக்க மாட்டார்.

எழும்பூரில் ரயில் நின்றதும் முதல் சிக்கல் வந்தது. நால்வர் தலையிலும் நாலு மூட்டை.

"ஏ கொம்பையா, சாமான் மேல கண்ணு இருக்கா?" என்றார் பரமகுரு.

"அண்ணாச்சி, சாமான் என் தலைமேல இருக்கு. கண்ணு அதுக்குக் கீழ இருக்கு. எப்படிப் பாக்கது?"

நியாயமான கேள்வி. நால்வரும் நின்று யோசித்தார்கள். கடைசியில் கொம்பையாவே வழி சொன்னார். அவர் மூட்டையை நம்பிராசன் பின்னால் நடந்து பார்த்துக்கொள்வார். நம்பிராசன் மூட்டையை ஆவுடை. ஆவுடை மூட்டையைப் பரமகுரு.

"அப்ப என் மூட்டையை?"

"உங்களுக்குப் பின்னால நான் வாரேன்" என்றார் கொம்பையா.

எல்லோருக்கும் மனசு நிறைந்தது. ஒருவர் பின்னால் ஒருவராக நடந்தார்கள். முதல் ஆளான கொம்பையா கடைசி ஆளான பரமகுருவுக்குப் பின்னால் வர வேண்டியிருந்ததால், பிளாட்பாரத்திலேயே வட்டமாகச் சுற்றினார்கள். சாமான் மேலிருந்து ஒரு கண்ணும் நகரவில்லை. அவர்களும் அங்கிருந்து நகரவில்லை. கோயில் வேண்டுதல் என்று நினைத்து ஒரு வடநாட்டு அம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"யோவ், இன்னாய்யா சுத்தினே கீறீங்க? எங்க போவணும்?" என்று ஓர் ஆட்டோக்காரர் மூட்டைகளை வாங்கி ஆட்டோவில் அடுக்கியதால் அந்த வட்டம் உடைந்தது.

முதலில் போன இடம், கண்ணாடி மாளிகை போல ஒரு பெரிய ஹோட்டல். வரவேற்பில் இருந்த பெண் ஒரு நாள் வாடகையை வாய்விட்டுச் சொன்னாள். நம்பிராசன் பதறிப்போனார்.

"தாயி, விலையைச் சத்தமாச் சொல்லக்கூடாது. நாலு பேரு காதுல விழுந்தா கண்ணு பட்டுரும்" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து, "கையை இதுக்குள்ள கொடு" என்றார்.

மாட்டுச் சந்தையில் அப்படித்தான். வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அந்தப் பெண் சந்தைக்குப் போனதில்லை. காவலாளி வந்தார். அவரும் போனதில்லை.

இரண்டாவது, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருந்த கடல்மணி லாட்ஜ். மேனேஜர் அமீர்ஜான் பாய் நல்ல மனிதர். "ரூமைப் பாருங்க அண்ணே, பிடிச்சா எடுங்க" என்று மாடிக்குக் கூட்டிப் போனார். வாய்தவறி அவர் சொன்ன ஒரே தப்பு அதுதான். மூவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரூமைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கொம்பையா சுவரைத் தட்டித் தடவினார். "உடம்பு நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் பூசினாப்புல இருக்கு. இதுக்கு முந்தி யாருகிட்ட இருந்தது, பாய்?"

"ஒரு குடும்பம். இன்னிக்குக் காலையிலதான் போனாங்க."

"ஏன் விட்டுட்டுப் போனாவ?" பரமகுருவின் புருவம் நெளிந்தது.

"வேலை முடிஞ்சுது, ஊருக்குப் போயிட்டாங்க."

"விக்கிறவன் எல்லாம் இதைத்தான் சொல்லுவான்" என்று நம்பிராசன் காதோடு சொன்னார். பிறகு குளியலறைக் குழாயைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். "காலையில எவ்வளவு, சாயந்திரம் எவ்வளவு?"

"காலையில ரெண்டு மணி நேரம் வரும். சாயந்திரம் ஒரு மணி நேரம்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல கறவை.

"உதைக்குமா?"

"எது, சுவிட்சா? ஈரக்கையோட தொடாதீங்க, அவ்வளவுதான்."

"உண்மையைச் சொல்லுத மனுஷன்" என்றார் பரமகுரு. அவருக்குப் பாயைப் பிடித்துவிட்டது.

மேலே கூரையில் ஈரம் பட்ட வட்டம் ஒன்று இருந்தது. கொம்பையா கட்டில் மேல் ஏறி நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, "ராஜ சுழி" என்றார். மாட்டின் உடம்பில் மயிர் அப்படிச் சுழித்திருந்தால் நல்ல ராசி; பேரம் பேசலாம் என்று அர்த்தம்.

நம்பிராசன் துண்டை விரித்தார். பாய் என்னவோ ஏதோ என்று கையை நீட்டினார். உள்ளே நடுவிரலைப் பிடித்ததும் அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. "அய்யோ விடுங்கண்ணே!" என்று துள்ளினார். இன்னொரு விரலைப் பிடித்தார் நம்பிராசன். பாய் நெளிந்து, சிரித்து, கண்ணில் தண்ணீர் வர, "சரி, சரி, கொடுக்கிறதைக் கொடுங்க, கையை மட்டும் விடுங்க!" என்றார். இவ்வளவு சீக்கிரம் படிந்த பேரத்தை நம்பிராசன் அதுவரை பார்த்ததில்லை.

மாட்டை விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போவார். வாங்கியவர் தன் கயிற்றைக் கட்டுவார். கொம்பையா கதவிலிருந்த பூட்டை எடுத்து இரண்டு கையாலும் பாயிடம் மரியாதையாகக் கொடுத்துவிட்டு, கொண்டுவந்த கயிற்றால் கைப்பிடியில் ஒரு முடிச்சுப் போட்டார். பாய் பூட்டை வாங்கிக்கொண்டார். அவர் கை இன்னும் கூசிக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு ஆவுடை ஜன்னலைத் திறந்தாள். எதிர்க் கட்டடத்தின் சுவர்தான் தெரிந்தது.

"கப்பல் எங்க?"

பரமகுரு பாய் பக்கம் திரும்பினார். "பாய், கப்பல் தெரியணும்னு மேடம் சொன்னாவ."

பாய்க்குக் கீழே வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். தப்பித்தால் போதும் என்று, சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். நீலக் கடலில் ஒரு வெள்ளைக் கப்பல். "அதோ தெரியுதே கப்பல்!" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நால்வரும் வரிசையாக நின்று பார்த்தார்கள். எவ்வளவு அழகு!

"சின்னதா இருக்கே" என்றார் நம்பிராசன்.

"தூரத்துல நின்னா சின்னதாத்தான்வே தெரியும். பக்கத்துல போனா பெருசாகும்" என்றார் கொம்பையா.

நம்பிராசன் தன் மூக்கு படத்தின் கண்ணாடியில் இடிக்கும் வரை போனார். "அண்ணாச்சி, இன்னும் அதே அளவுதான் இருக்கு."

"அப்ப நீரு இன்னும் பக்கத்துல போகலைன்னு அர்த்தம்."

ஆவுடை உத்தரவு போட்டாள். கப்பல் கிளம்பிவிடாமல் ஆள் மாற்றி ஆள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியே செய்தார்கள்.

விடிந்தது. கப்பல் அங்கேயே நின்றது. பரமகுரு நிம்மதியாகக் குளித்தார். கப்பல் நின்றது. இட்லி வாங்கி வந்து சாப்பிட்டார்கள். நின்றது. இவ்வளவு பொறுமையான கப்பலைப் பற்றி ஆவுடை நாலு நல்ல வார்த்தை சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் கோட்டை விடப்போவதில்லை என்ற நினைப்பில் பரமகுரு காலை நீட்டிப் படுத்தார்.

வெயில் ஏறிய பிறகு பாய் மாடிக்கு வந்தார். "இன்னாண்ணே, இன்னும் போகலையா? அங்க எல்லாரும் ஏறியாச்சாம், கேட்டை மூடப் போறாங்க!"

"கப்பல் அசையலையே பாய்" என்று பரமகுரு படுத்தபடியே சுவரைக் காட்டினார்.

பாய் படத்தைப் பார்த்தார். பரமகுருவைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "அது படம்ணே! கப்பல் துறைமுகத்துல நிக்குது!"

மூன்று ஆண்களும் கட்டிலில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"அப்ப ரெண்டு கப்பல் இருக்கு" என்றார் நம்பிராசன்.

"அது வேற ஆளுக கப்பலா இருக்கும்" என்றார் கொம்பையா. "நாம பார்த்துப் பழகினது இது."

"கண்ணால பார்த்த கப்பலை விட்டுட்டு, பார்க்காத கப்பலுக்கு ஏன் ஓடணும்?" என்றாள் ஆவுடை. "பாய் நம்மளைக் காலி பண்ணப் பாக்காரு."

பாய் கெஞ்சினார், சத்தியம் செய்தார், கடிகாரத்தைக் காட்டினார். யாரும் எழுந்திருக்கவில்லை. பாய் சட்டென்று கட்டில் மேல் ஏறினார். படத்தை ஆணியிலிருந்து கழற்றினார். அக்குளில் இடுக்கிக்கொண்டு, "கப்பல் கிளம்பிடுச்சு!" என்று கத்தியபடி படியில் தடதடவென்று இறங்கி ஓடினார்.

பரமகுரு சுவரைப் பார்த்தார். வெறும் ஆணி.

"ஆவுடை!" என்று ஒரு அலறல் போட்டார். "கப்பல் போகுது!"

"பிடிங்க! அதைப் பிடிங்க! விட்டீங்கன்னா நான் இப்படியே அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்!"

முன்னால் பாய், அவர் அக்குளில் கப்பல், பின்னால் மூட்டைகளோடு நாலு பேர். சந்து திரும்பி, மீன்பாடி வண்டிகளைத் தாண்டி, சிக்னலில் நின்ற லாரிகளுக்கு நடுவே ஓடினார்கள். "நிறுத்துங்கய்யா, எங்க கப்பல்!" என்று பரமகுரு போக்குவரத்துக் காவலரிடம் கத்தினார். அவர் பாயைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வழிவிட்டார். பெரிய சாலையில் கப்பல் வேகமெடுத்தது. கொம்பையாவின் ஒரு செருப்பு போயிற்று. ஆவுடை கணவரை முந்திக்கொண்டு ஓடினாள்.

துறைமுக வாசலில் பாய் மூச்சிரைக்க நின்றார். கேட்டை மூடிக்கொண்டிருந்த சீருடைக்காரர் கையைப் பிடித்து, "சார், நாலு பேர், டிக்கெட் இருக்கு, அல்லாவுக்காக ஏத்திடுங்க" என்றார். சீருடைக்காரர் சலித்துக்கொண்டே டிக்கெட்டைப் பார்த்து உள்ளே விட்டார்.

உள்ளே திரும்பியதும் நால்வரும் அண்ணாந்து பார்த்தார்கள். நாலைந்து தெப்பக்குளம் நீளத்துக்கு, கோபுரம் கோபுரமாக, வெள்ளைக் கப்பல்.

கொம்பையா நம்பிராசனைத் திரும்பிப் பார்த்தார். "சொன்னேன்லா? பக்கத்துல வந்தா பெருசாகும்னு."



மேலே அவர்களுக்கு ஒதுக்கிய ரூமில் சுத்தமான படுக்கையும், ஒரு முழுச் சுவருக்குக் கண்ணாடியும் இருந்தன. பரமகுரு படுக்கையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பஸ் போயிற்று, ரயில் போயிற்று, கப்பல் போகவில்லை. ஆவுடை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்கோ நீளமாக ஒரு சங்கு ஊதியது.

கண்ணாடி வழியே பார்த்த பரமகுரு மெல்ல எழுந்து நின்றார். ரூம் அப்படியே இருந்தது. படுக்கை நகரவில்லை. மேசை மேல் வைத்த செம்பில் தண்ணீர் தளும்பவில்லை. ஆனால் வெளியே கிரேன்கள், கிடங்குகள், மாடிக் கட்டடங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"ஏ கொம்பையா!" என்று கூப்பிட்டார். "மெட்ராஸ் கிளம்பிட்டுவே!"

மூவரும் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். சந்தேகமே இல்லை. பட்டணம் முழுசும் போய்க்கொண்டிருந்தது.

"எங்க போகுதாம்?" என்றார் நம்பிராசன்.

"யாருக்குத் தெரியும்? நம்மகிட்டச் சொல்லிட்டா போகுது?"

"உள்ள அவ்வளவு சனம் இருக்கே, ஒருத்தரும் சத்தம் போடலையே?"

"உள்ள இருக்கவனுக்கு எப்படித் தெரியும்வே? வெளிய நிக்க நமக்குல்லா தெரியுது."

பாயும் அதற்குள்தான் இருப்பார் என்பது அப்போதுதான் பரமகுருவுக்கு நினைவு வந்தது. நல்ல மனிதர். படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்கே போகிறோம் என்று தெரியாமலே போய்க்கொண்டிருப்பார்.

ஆவுடை கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவரை அவள் அப்படிப் பெருமையாகப் பார்த்ததே இல்லை.

"நல்லவேளைங்க, சரியான நேரத்துல எங்களை இறக்கிட்டீங்க. இன்னும் கொஞ்ச நேரம் அந்த ரூம்ல படுத்துக் கிடந்திருந்தா, நாமளும் மெட்ராஸோட போயிருப்போம்."