பார்க்காமல் வரைந்த பயறு

ஞானதுரை வாத்தியார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் பரிமளம் டீச்சரிடம் வந்தார். பரிமளம் வயதில் இளையவர். ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தருவதில் அந்த அம்மாதான் அவருக்குக் குரு.

“ரெண்டாம் வகுப்புக்குப் பயறு முளைக்கிற வீடியோ போட்டேன் டீச்சர். அப்புறம் ஆளுக்கொரு கப்புல ஈரப் பஞ்சு வச்சு, பச்சைப்பயறு போட வச்சேன். நாலு நாள் கழிச்சு, இன்னைக்குக் கப்பைப் பார்த்து வரையச் சொன்னா, எல்லாரும் வேரும் இலையுமா ஜோரா வரைஞ்சிருக்காங்க. அமுதவல்லி மட்டும் வெறும் உருண்டை போட்டிருந்தா. தப்புன்னு சொன்னேன். அதுலேர்ந்து பேசவே மாட்டேங்கிறா. நாள் முழுக்க ‘ஏன் சார், ஏன் சார்’னு என் உயிரை வாங்குற பிள்ளை! மனசே சரியில்ல.”

“கப்பைப் பார்த்தீங்களா?”

“அதான் வீடியோவுலயே...” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இருவரும் வகுப்புக்குப் போனார்கள். ஜன்னலோரம் கப்புகள் வரிசையாக இருந்தன. ஒன்றில்கூட முளை இல்லை. பயறு ஊதிப்போய், லேசாக நாறிக்கொண்டு கிடந்தது.

அட ஆண்டவா! வாத்தியாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அமுதவல்லியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“நீ வரைஞ்சதுதான் சரி, தாயி. சார்தான் தப்பு.”

அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாவம், மனுஷருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. “ஏன் முளைக்கலைன்னு இதுலயே கேட்டுடுவோமா?” என்று போனை எடுத்துவிட்டார்.

பரிமளம் அதை அவர் கையிலிருந்து வாங்கினார். கேமராவைத் திறந்து அமுதவல்லியிடம் கொடுத்தார்.

அவள் போனைக் கப்புக்கு மேலே பிடித்தாள். விரலால் திரையை அகட்டினாள். பயறு புளியங்கொட்டை அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. வெகுநேரம் பார்த்தாள். பிள்ளைகள் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

“சார்...”

வாத்தியார் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்குது சார். மூச்சு முட்டிருக்குமோ?”

“என்னோடதும் முங்கிருச்சுடி!”

“ஒண்ணுல கொஞ்சமா ஊத்திப் பார்ப்போமா சார்?” என்றாள் அமுதவல்லி.

ஒரே கூச்சல். வாத்தியாருக்கு நாக்கு அரித்தது. பரிமளத்தின் பக்கம் சாய்ந்து கேட்டார்: “எனக்குப் பதில் தெரியும் டீச்சர். சொல்லிடட்டுமா?”

“தாராளமாச் சொல்லுங்க சார்,” என்றார் பரிமளம். “பிள்ளை இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கு.”